வீட்டு சர்வர்: குடும்பப் படங்களிலிருந்து தொடங்குவோம்

வீட்டு மூலையில் இரவு பகலாக ஓடும் ஒரு சின்னக் கணினி. படங்கள், ஆவணங்கள், கடவுச்சொற்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். வீட்டிலுள்ளவர்களின் கைபேசிகள் வேண்டியதை அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்; புதியதை அதனிடம் கொடுத்துவைக்கும். வீட்டு சர்வர் என்பது அவ்வளவுதான். கூகுள் போட்டோஸ் செய்வதும் இதே வேலைதான். அங்கே கணினி அவர்களுடையது, அதனால் விதியும் அவர்களுடையது. வரம்பில்லாத இலவசச் சேமிப்பை 2021 ஜூன் 1 அன்று நிறுத்தினார்கள். அதன்பின் ஏற்றிய படமெல்லாம் 15 ஜிபி கணக்கில் சேரத் தொடங்கியது. இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் கணக்குகளை அழிக்கும் நடைமுறை 2023 டிசம்பரில் வந்தது. மருத்துவருக்கு அனுப்புவதற்காகத் தன் குழந்தையைப் படமெடுத்த அமெரிக்கத் தந்தை ஒருவரின் கணக்கை, தானியங்கிச் சோதனை அதைக் குழந்தை வன்கொடுமைப் படம் என்று தவறாகப் புரிந்துகொண்டதால் முடக்கிய செய்தி 2022-இல் வெளியானது. அவர்மீது குற்றமில்லை என்று காவல்துறை முடித்த பிறகும் கணக்கு திரும்பவில்லை. மின்னஞ்சல், தொடர்பு எண்கள், பல ஆண்டுப் படங்கள் எல்லாம் அதோடு போயின.

இந்த மூன்றிலிருந்தும் வீட்டு சர்வர் காப்பாற்றும். எதிலிருந்து காப்பாற்றாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆண்ட்ராய்டும் அதிலுள்ள செயலிகளும் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்வதை அது தடுக்காது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரிவதும் அப்படியே தொடரும். வாட்ஸப் குழுவில் போட்ட படம் போட்டதுதான். இன்னொன்று, நேற்றுவரை யாரோ ஒரு நிறுவனத்தை நம்பியிருந்தீர்கள். இன்றிலிருந்து உங்களை நம்புகிறீர்கள். டிஸ்க் கெட்டால், அப்டேட் சொதப்பினால், இடி விழுந்தால் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. சர்வரை நிறுவுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கெட்டுப்போனதைத் திரும்ப எழுப்பத் தெரிவதுதான் கற்கவேண்டிய திறமை. கீழே வருவதில் பாதி அதைப் பற்றியதே.

தொடங்குகிறவர்கள் பலர் முதலில் கைவைப்பது பை-ஹோல். வீடு முழுவதற்கும் விளம்பரத்தைத் தடுக்கும் டிஎன்எஸ் சர்வர், அதாவது தளத்தின் பெயரை அதன் முகவரி எண்ணாக மாற்றித் தரும் சர்வர் அது. நல்ல மென்பொருள்தான், ஆனால் முதல் பாடத்துக்கு ஆகாது. பெட்டி நின்றால் வீட்டில் யாருக்கும் எந்தத் தளமும் திறக்காது. அன்றே உங்கள் சோதனைக்கு வீட்டில் தடை விழும். போதாததற்கு, யூடியூப் விளம்பரங்கள் வீடியோ வரும் அதே முகவரிகளிலிருந்து வருவதால் அவற்றை அது நிறுத்தவும் முடியாது. கடவுச்சொற்களையும் முதலில் நகர்த்த வேண்டாம். படங்கள்தான் சரியான தொடக்கம். அளவு பெரியது, பயன் வீட்டில் எல்லோருக்கும் உடனே தெரியும், நம்பிக்கை வரும்வரை கூகுளில் உள்ள பிரதியை அப்படியே விட்டுவைக்கலாம். இந்த வேலைக்கு இன்று பலரும் எடுப்பது இம்மிச் என்ற திறந்தமூல மென்பொருள். கைபேசிச் செயலி, தானாக ஏற்றுதல், முகம் பிரித்தல், வரைபடம் என்று கூகுள் போட்டோஸுக்குப் பழகிய கைக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

பெட்டி

புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் அலுவலகங்கள் கழித்துவிட்ட மினி பிசிகள் கிடைக்கும். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலிட்டெஸ்க் மினி என்ற வரிசைகளைக் கேளுங்கள். இன்டெல் 8-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம் இருந்தால் தாராளம். இவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் ஒரு இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க்குக்கும் இடம் உண்டு. இன்டெல் சிப்பில் குவிக் சிங்க் என்ற வீடியோ வசதி இருப்பதால், கைபேசி வீடியோக்களை மாற்றும்போது சிபியு மூச்சுத் திணறாது. வாங்கும்போது அசல் பவர் அடாப்டர் கூடவே வருகிறதா என்று பாருங்கள். டெல் பெட்டிகள் அடையாளம் தெரியாத அடாப்டரைச் செருகினால் முணுமுணுக்கும், சில வேளை வேகத்தையே குறைத்துக்கொள்ளும்.

ராஸ்பெர்ரி பை பிரபலம், ஆனால் இந்த வேலைக்கு இரண்டு தொல்லைகள். ஒன்று எஸ்டி கார்டு: டேட்டாபேஸ் ஓயாமல் எழுதிக்கொண்டே இருப்பதால் கார்டு தேய்ந்து, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். இரண்டாவது மின்சாரம்: பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும், 3 ஆம்பியரைச் செருகினால் யூஎஸ்பி துறைகளுக்கெல்லாம் சேர்த்து 600 மில்லியாம்பியர்தான் விடும். வெளி ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும்போதே துண்டித்துக்கொள்வதற்குக் காரணம் அநேகமாக இதுதான். பழைய லேப்டாப்பும் போதும், பேட்டரியே யூபிஎஸ் ஆகிவிடும். மூடியை மூடினால் தூங்கப் போகாதபடி அமைக்க வேண்டும். பயாஸில் (கணினி கிளம்பும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) வசதி இருந்தால் சார்ஜை 80 விழுக்காட்டுக்குள் நிறுத்துங்கள். எந்நேரமும் முழுச் சார்ஜில் நின்றால் பேட்டரி வீங்கும்.

மினி பிசி சும்மா இருக்கும்போது 10 வாட்டை ஒட்டி இழுக்கும். நம்மூர் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் அப்படியே கணக்கிடுவோம்: 10 வாட் × 24 மணி × 60 நாள் = 14.4 யூனிட். பரணில் கிடக்கும் பழைய டவர் கணினி 60 வாட் இழுத்தால் 86.4 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகையைக் கிட்டத்தட்ட அது ஒன்றே விழுங்கிவிடும். ‘சும்மா கிடக்கும் கணினி’ இலவசமில்லை.

மின்வெட்டுக்கு இரண்டு ஏற்பாடுகள். பயாஸில் ஏசி ரெகவரி அல்லது அதுபோன்ற பெயருள்ள அமைப்பை ‘பவர் ஆன்’ என்று வையுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் வந்தபிறகும் யாராவது பொத்தானை அழுத்தும்வரை பெட்டி கிடக்கும். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்புறமோ மெனுவிலோ ‘யூபிஎஸ் மோடு’ இருக்கிறதா என்று தேடுங்கள். சாதாரண மோடில் மின்சாரம் மாறும் நொடித்துளி மின்விசிறிக்குத் தெரியாது, கணினிக்குத் தெரியும். ரூட்டரையும் ஃபைபர் பெட்டியையும் அதே இணைப்பில் சேர்க்க மறந்துவிடக் கூடாது.

டிஸ்க் விஷயத்தில் ஒரு வீட்டுக்கு 300 ஜிபி படம் என்று வைத்துக்கொண்டால்: பெட்டிக்குள் 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று, பேக்கப்புக்கு 2 டிபி வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு. இம்மிச் உருவாக்கும் சிறுபடங்களும் மாற்றிய வீடியோக்களும் மூலத்தைவிடப் பத்து முதல் இருபது விழுக்காடு கூடுதல் இடம் கேட்கும். இரண்டு டிஸ்க்குகளை ஒன்றின் நகலாக மற்றொன்றை ஓடவிடும் ரெய்டு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொடக்கத்தில் வேண்டாம். ஒரு டிஸ்க் செத்தாலும் சேவை நிற்காமல் இருக்கத்தான் ரெய்டு. நீங்கள் தவறுதலாக அழித்த ஆல்பத்தை அது இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழித்துத் தரும். பெட்டியை டிவி அலமாரியின் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். மே மாதத்தில் அறையே 38 டிகிரி இருக்கும்.

நிறுவுதல்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுங்கள். நிறுவும்போது டெஸ்க்டாப் தேர்வுகளை எடுத்துவிட்டு, வேறொரு கணினியிலிருந்து நுழைந்து கட்டளை தர உதவும் எஸ்எஸ்எச் சர்வரை மட்டும் டிக் செய்யுங்கள். அதன்பின் பெட்டிக்கு மானிட்டர் வேண்டாம்; உங்கள் லேப்டாப்பிலிருந்தே நுழையலாம். ரூட்டர் பக்கத்தில் பெட்டியின் மேக் முகவரிக்கு (அதன் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) நிலையான ஐபி முகவரி ஒதுக்குங்கள், இல்லையேல் ரூட்டரை அணைத்துப் போடும் ஒருநாள் சர்வர் ‘காணாமல்’ போகும். கடவுச்சொல்லுக்குப் பதிலாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பை உருவாக்கி, அது வேலை செய்கிறது என்று இன்னொரு ஜன்னலில் சோதித்த பிறகே கடவுச்சொல் நுழைவை அணையுங்கள். பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாகப் போடும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் தொகுப்பையும் இயக்கிவிடுங்கள்.

இம்மிச் டாக்கருக்குள் ஓடும். ஒரு மென்பொருளையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே கட்டாக, மற்றவற்றிலிருந்து பிரித்து ஓடவைப்பது கன்டெய்னர். அவற்றை இயக்குவது டாக்கர். டாக்கரை அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவுங்கள். இணையத்தில் உள்ள பழைய வழிகாட்டிகள் டாக்கர், கம்போஸ் என்ற இரு சொற்களுக்கும் நடுவில் சிறுகோடு போட்டுக் கட்டளை தரும். அது முதல் பதிப்பு, 2023-லேயே கைவிடப்பட்டது. இப்போது இடைவெளிதான்.

இம்மிச் தளம் இரண்டு கோப்புகள் தருகிறது: என்னென்ன கன்டெய்னர்கள் என்று சொல்லும் கம்போஸ் கோப்பு, உங்கள் அமைப்புகளுக்கான சூழல் கோப்பு. கம்போஸ் கோப்பில் நான்கு கன்டெய்னர்கள் இருக்கும்: சர்வர், முகம் பிரிக்கும் இயந்திரக் கற்றல் பகுதி, ரெடிஸ் வகைத் தற்காலிகச் சேமிப்பு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். சூழல் கோப்பில் நீங்கள் மாற்றவேண்டியவை மூன்றே: படங்கள் எங்கே, டேட்டாபேஸ் எங்கே, டேட்டாபேஸ் கடவுச்சொல் என்ன. கடவுச்சொல்லில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வையுங்கள், சிறப்புக் குறிகள் வந்தால் கோப்பைப் படிக்கும் இடத்தில் உடையும். டேட்டாபேஸ் உள் எஸ்எஸ்டியில், லினக்ஸுக்குரிய இஎக்ஸ்டி4 வடிவப் பிரிவில் இருக்கட்டும். கடையில் வாங்கும் வெளி டிஸ்க்குகள் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் வருகின்றன. அவற்றில் லினக்ஸ் உரிமைகள் சரியாக நிற்காததால் போஸ்ட்கிரெஸ் எழுந்திருக்காது. ‘நிறுவினேன், ஓடவில்லை’ என்ற புலம்பல்களில் கணிசமானவை இங்கே முடியும்.

பிறகு கம்போஸ் கட்டளையால் எல்லாவற்றையும் கிளப்பி, உலாவியில் பெட்டியின் ஐபி முகவரியோடு 2283 என்ற போர்ட் எண்ணை (ஒரு கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்) சேர்த்துத் திறந்தால் பதிவுப் பக்கம் வரும். முதலில் பதிபவரே நிர்வாகி.

ஒரு படம்கூட ஏற்றுவதற்கு முன் ஸ்டோரேஜ் டெம்ப்ளேட் என்ற அமைப்பை இயக்குங்கள். இயல்பாக அது அணைந்திருக்கும். படங்கள் புரியாத நீண்ட பெயர்களில் சேமிக்கப்படும். இயக்கினால் பயனர், ஆண்டு, மாதம் என்று ஃபோல்டர் பிரிந்து, கோப்பின் அசல் பெயரோடு இருக்கும். இம்மிச் என்ற மென்பொருளே நாளை மறைந்தாலும் படங்களைக் கண்ணால் பார்த்து எடுக்கலாம்.

கூகுளில் உள்ள பழைய படங்களை மொத்தமாக இறக்க கூகுள் டேக்அவுட் என்ற சேவை. கோப்பின் அளவை 50 ஜிபி என்று தேர்ந்தெடுங்கள். இயல்பான 2 ஜிபியை விட்டால் நூற்றுக்கணக்கான ஜிப் கோப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டும். டேக்அவுட்டில் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு ஜேசன் கோப்பு வரும். நீங்கள் கூகுளில் திருத்திய தேதி, இடம், ஆல்ப விவரம் அதில்தான் இருக்கிறது. படங்களை மட்டும் இழுத்துப் போட்டால் தாத்தாவின் பழைய ஸ்கேன் படங்களெல்லாம் இன்றைய தேதியில் போய் நிற்கும். இம்மிச்-கோ என்ற தனிக் கருவி இரண்டையும் சேர்த்துப் படித்து ஏற்றும். வாட்ஸப்பில் வந்த படங்களுக்கு இந்த வைத்தியமும் கிடையாது. எடுத்த தேதியை வாட்ஸப்பே உருவிவிட்டிருக்கும்.

தமிழில் தேட விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இம்மிச்சின் இயல்பான தேடல் மாடல் ஆங்கிலத்தில் பயிற்சி பெற்றது. ‘கடற்கரை’ என்று தட்டினால் ஏதேதோ வரும். நிர்வாகி அமைப்புகளில் பன்மொழி மாடல் ஒன்றைத் தேர்ந்து, எல்லாப் படங்களுக்கும் அந்த வேலையை மறுபடி ஓடவிட வேண்டும். ராம் கூடுதலாகத் தின்னும், இரவு முழுக்க ஓடும்.

கைபேசியில் பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து இம்மிச் செயலிக்கு விலக்கு தராவிட்டால், குறிப்பாக ஷாவ்மி, விவோ, ஓப்போ வகைகளில், பின்னணியில் ஏற்றுவது நின்றுபோகும். ஐபோனில் பின்னணி நேரத்தை ஆப்பிளே ரேஷனில் தருகிறது. அவ்வப்போது செயலியைத் திறந்துவைக்கும்படி வீட்டில் சொல்லிவையுங்கள்.

வெளியிலிருந்து எட்டுவது

இங்கேதான் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்கிறார்கள், இரண்டு விதமாக.

முதல் விதம், எதுவுமே நடக்காது. ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பைச் சர்வருக்குத் திருப்பிவிடுவது) செய்தும் வெளியிலிருந்து திறக்காது. ரூட்டர் பக்கத்தில் ‘வான்’ (WAN) என்ற தலைப்பில் உள்ள, இணையப் பக்கத்து ஐபி முகவரியையும், ‘என் ஐபி என்ன’ என்று சொல்லும் ஏதாவது ஒரு தளம் காட்டும் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக, ரூட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 முகவரிகள் தட்டுப்பாடு என்பதால் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகிறது; அந்த 100.64 தொகுதி 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பின் தெருக்கதவு எண் மட்டும் எழுதி, வீட்டு எண் எழுதாமல் வந்த கடிதத்தை வாட்ச்மேன் என்ன செய்வார்? அதுதான் உங்கள் சர்வரைத் தேடி வரும் இணைப்புக்கும் நடக்கிறது. ரூட்டரில் நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் கடிதம் ரூட்டர்வரை வருவதில்லை. கட்டணம் கட்டி நிலையான ஐபி கேட்கலாம். இந்தியாவில் ஜியோ, ஏர்டெல் இரண்டும் ஐபிவி6 (தட்டுப்பாடில்லாத புதிய முகவரி முறை) தருவதால், கைபேசியும் வீடும் ஐபிவி6-இல் இருந்தால் அந்த வழியும் உண்டு. ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் தனியாக அனுமதி தர வேண்டும்.

இரண்டாவது விதம் மோசம்: எல்லாம் நடந்துவிடும். போர்ட் திறந்துவிடும், உலகத்துக்கே. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற பழைய வீட்டுச் சேமிப்புப் பெட்டிகள், இணையத்தில் திறந்திருந்த காரணத்தால் தொலைவிலிருந்தே துடைத்தழிக்கப்பட்டன. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பிணைத்தொகை நிரல் கியூநேப் நிறுவனத்தின் சேமிப்புப் பெட்டிகளைத் தாக்கி, கோப்புகளைப் பூட்டி பிட்காயின் கேட்டது. கடவுச்சொல் பலமாக இருந்தும் பயனில்லை. ஓட்டை மென்பொருளிலேயே இருந்தது. இணையத்தில் திறந்த எந்தப் போர்ட்டையும் தானியங்கி நிரல்கள் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. உங்களைக் குறிவைத்து யாரும் வரத் தேவையில்லை.

ஆகவே சேவையின் போர்ட்டைத் திறக்க வேண்டாம். உங்கள் சாதனங்களுக்குள் மட்டும் ஒரு தனிச் சுரங்கப்பாதை போடுங்கள். அதற்கு வயர்கார்டு, 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சேர்ந்த விபிஎன் நெறிமுறை; விபிஎன் என்பது இப்படிப்பட்ட சுரங்கப்பாதைதான். சரியான சாவி இல்லாமல் வரும் தகவல் பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது, ஸ்கேன் செய்கிறவருக்கு அங்கே ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். பொது ஐபி இருந்தால் யுடிபி 51820 என்ற ஒரே ஒரு போர்ட்டைத் திறந்து வயர்கார்டை நேராகவே ஓட்டலாம். சிஜிநாட்டுக்குப் பின்னால் இருந்தால் டெய்ல்ஸ்கேல் எளிது: சர்வரிலும் கைபேசிகளிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால் போதும், போர்ட் எதையும் திறக்கத் தேவையில்லை. உள்ளே ஓடுவது வயர்கார்டுதான். சாவிகள் உங்கள் சாதனங்களிலேயே இருப்பதால் படங்களை அந்த நிறுவனம் பார்க்க முடியாது. எந்தெந்தச் சாதனம் எப்போது இணைந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு ஹெட்ஸ்கேல் என்ற மாற்று இருக்கிறது, ஆனால் அதற்கு வெளியே ஒரு வாடகை சர்வர் வேண்டும். கிளவுட்ஃப்ளேர் டனலும் சிஜிநாட்டைத் தாண்டும். அதில் குறியாக்கம் கிளவுட்ஃப்ளேரின் கணினியில் அவிழ்ந்து மறுபடி பூட்டப்படுகிறது. தனியுரிமைக்காகக் கிளம்பியவர் அதை ஒருமுறை யோசித்துக்கொள்ள வேண்டும்.

விபிஎன் என்றதும் இந்தியச் சட்டக் கேள்வி வரும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்கச் சொன்னது விபிஎன் சேவை விற்கும் நிறுவனங்களை. உங்கள் வீட்டுக்கு நீங்களே போடும் பாதை அந்த வகையில் வராது.

டாக்கரில் ஒரு பொறி உண்டு. யுஎஃப்டபிள்யு என்ற எளிய ஃபயர்வாலை இயக்கி, எல்லாப் போர்ட்டையும் அடைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். கன்டெய்னருக்காக வெளியிடும் போர்ட்டுக்கான விதியை டாக்கர் நேரடியாகக் கெர்னலில் எழுதிவிடுவதால், யுஎஃப்டபிள்யு தடையை அது சுற்றிக்கொண்டு போய்விடும். கம்போஸ் கோப்பில் போர்ட் எண்ணுக்கு முன் 127.0.0.1 (பெட்டிக்குள்ளிருந்து மட்டும் எட்டும் முகவரி) அல்லது டெய்ல்ஸ்கேல் தந்த ஐபியைச் சேர்த்தால் அந்த முகவரியில் மட்டும் திறக்கும்.

டெபியனின் தானியங்கி அப்டேட் கன்டெய்னர்களைத் தொடாது என்பதையும் நினைவில் வையுங்கள். மாதம் ஒருமுறையாவது வெளியீட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு நீங்களே இம்மிச்சை அப்டேட் செய்ய வேண்டும். லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் 2022 தகவல் திருட்டில், ஊழியர் ஒருவரின் வீட்டுக் கணினிக்குள் திருடர்கள் நுழைந்த வழி பழைய பிளெக்ஸ் மீடியா மென்பொருள். அந்த ஓட்டைக்கு 2020-லேயே அப்டேட் வந்துவிட்டது, அவர் போடவில்லை. கோடிக்கணக்கானோரின் கடவுச்சொற்களைக் காக்கும் நிறுவனத்தின் பொறியாளர் வீட்டு நிலை இது.

பேக்கப்

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே. நம் கணக்கில்: பெட்டிக்குள் உள்ளது ஒன்று, வீட்டிலுள்ள வெளி டிஸ்க் இரண்டு, சித்தப்பா வீட்டு அலமாரியில் உள்ள டிஸ்க் மூன்று. எந்நேரமும் செருகியே இருக்கும் பேக்கப் டிஸ்க்கைப் பிணைத்தொகை நிரலும் இடியும் சேர்த்தே கொண்டுபோகும். அதனால் ஒன்றாவது எப்போதும் கழற்றிய நிலையில் இருக்க வேண்டும்.

கருவிக்கு ரெஸ்டிக். மாறிய பகுதியை மட்டும் சேமிக்கும், எல்லாவற்றையும் குறியாக்கம் செய்யும். தினசரி ஏழு, வார நான்கு, மாத பன்னிரண்டு பிரதிகளை வைத்துக்கொள்ளச் சொன்னால் பழையதைத் தானே கழிக்கும். அதன் கடவுச்சொல்லைத் தொலைத்தால் பேக்கப் வெறும் குப்பை, மீட்க வழியே கிடையாது. அந்தக் கடவுச்சொல்லை அதே சர்வரில் மட்டும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

இம்மிச்சில் எதை எடுக்க வேண்டும்? மூலப் படங்கள் உள்ள லைப்ரரி, அப்லோட், ப்ரொஃபைல் ஃபோல்டர்கள், டேட்டாபேஸ் நகல், கம்போஸ் கோப்பு, சூழல் கோப்பு. சிறுபடங்களையும் மாற்றிய வீடியோக்களையும் விட்டுவிடலாம், மறுபடி உருவாகும். ஆல்பங்கள், முகங்களுக்குக் கொடுத்த பெயர்கள், பயனர் கணக்குகள் எல்லாம் டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸ் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் சிக்கும். அது பேக்கப் ஆகாது. இம்மிச் தானே தினமும் அதிகாலை இரண்டு மணிக்கு ஒழுங்கான நகல் ஒன்றை எடுத்து பேக்கப்ஸ் என்ற ஃபோல்டரில் போடும், கடைசி 14 நகல்களை வைத்திருக்கும். ரெஸ்டிக்கை மூன்று மணிக்கு ஓடவிடுங்கள். முதலில் டேட்டாபேஸ், பிறகு படங்கள் என்ற வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால், டேட்டாபேஸுக்குத் தெரிந்த படம் பேக்கப்பில் இல்லாமல் போகலாம்.

வெளியூர் பிரதியை இணையம் வழியாக, வாடகைச் சேமிப்பில் வைக்கலாமா? வைக்கலாம். ரெஸ்டிக் பூட்டியே அனுப்புவதால் அங்குள்ளவர்களுக்கு உள்ளே என்ன என்று தெரியாது. 20 எம்பிபிஎஸ் ஏற்ற வேகத்தில் 300 ஜிபி போக 33 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பல ஃபைபர் திட்டங்களின் மாத வரம்பு 3.3 டிபி என்பதால் அதற்குள் அடங்கும்.

வெளி டிஸ்க்கை லினக்ஸில் தானாக இணைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் இரண்டு கவனம். டிஸ்க்கின் பெயரை எழுதாமல் அதன் மாறாத அடையாளமான யுயுஐடி எண்ணை எழுதுங்கள், பெயர் செருகும் வரிசையில் மாறும். ‘நோஃபெயில்’ என்ற சொல்லையும் சேருங்கள், இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றிய நாளில் பெட்டி முழுமையாகக் கிளம்பாமல் அவசர நிலையில் நின்றுவிடும். சேர்த்தால் இன்னொரு கோளாறு முளைக்கும்: டிஸ்க் இணையாதபோது அந்த ஃபோல்டர் வெறும் ஃபோல்டராக எஸ்எஸ்டியிலேயே இருக்கும், பேக்கப் நிரல் சமர்த்தாக அதற்குள் எழுதி எஸ்எஸ்டியை நிரப்பிவிடும். எஸ்எஸ்டி நிரம்பினால் டேட்டாபேஸ் நிற்கும். பேக்கப் நிரலின் முதல் வரியிலேயே டிஸ்க் உண்மையில் இணைந்திருக்கிறதா என்று சோதித்து, இல்லையேல் வெளியேறச் சொல்லுங்கள். டாக்கரின் லாக் பதிவேடுகளும் வரம்பு வைக்காவிட்டால் வளர்ந்துகொண்டே போய் இதே விளைவைத் தரும்.

இனி ஒத்திகை. வேறொரு கணினியில் டெபியனும் டாக்கரும் போட்டு, வெளி டிஸ்க்கிலிருந்து மட்டும், அதே இம்மிச் பதிப்பை எழுப்பிப் பாருங்கள். ஆல்பமும் முகங்களும் திரும்பினால்தான் உங்களிடம் பேக்கப் இருக்கிறது. இதை ஒருமுறை செய்து முடிக்கும்வரை கூகுளிலிருந்து ஒரு படத்தையும் அழிக்காதீர்கள்.

ஆண்டுக்கொருமுறை வேறொரு காரியமும் நல்லது: லைப்ரரி ஃபோல்டரை மட்டும் ஓர் எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் குறியாக்கமின்றி நகலெடுத்து வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். இஎக்ஸ்டி4 டிஸ்க்கை விண்டோஸ் நேரடியாகப் படிக்காது. நீங்கள் மருத்துவமனையில் இருக்கும் வாரத்தில் யாரும் அங்கே ரெஸ்டிக் கற்றுக்கொள்ள உட்காரப் போவதில்லை.

பூட்டும் சாவியும்

பெட்டியையே திருடிக்கொண்டு போனால்? முழு டிஸ்க்கையும் லக்ஸ் என்ற லினக்ஸ் குறியாக்க முறையில் பூட்டலாம். ஆனால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் யாராவது கடவுச்சொல் தட்டும்வரை பெட்டி காத்திருக்கும். சாவியைக் கணினிக்குள்ளேயே சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப்பில் வைத்தால் தானாகத் திறக்கும், திருடன் பெட்டியோடு தூக்கிப் போனாலும் தானாகவே திறக்கும். நடுவழி ஒன்று உண்டு: இயங்குதளத்தைப் பூட்டாமல் விட்டு, படங்கள் உள்ள பிரிவை மட்டும் பூட்டுங்கள். மின்சாரம் வந்ததும் பெட்டியும் டெய்ல்ஸ்கேலும் தாமாக எழும். கைபேசியிலிருந்து எஸ்எஸ்எச் வழியே நுழைந்து பிரிவைத் திறந்து இம்மிச்சைக் கிளப்பலாம். கழற்றி வைக்கும் பேக்கப் டிஸ்க்குகளை ரெஸ்டிக் ஏற்கெனவே பூட்டியிருக்கிறது.

வீட்டிலுள்ளவர்களிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இம்மிச்சில் முனைக்கு முனை குறியாக்கம் இல்லை. சர்வரைக் கையில் வைத்திருப்பவர் நினைத்தால் மகளின் படங்களையும் மருமகனின் படங்களையும் பார்க்க முடியும். அது சங்கடம் என்றால் என்டே என்ற மென்பொருளைப் பாருங்கள். அதன் சர்வர் நிரல் 2024-இல் திறந்தமூலமானது, படங்கள் கைபேசியிலேயே பூட்டப்படுவதால் நிர்வாகிக்கும் தெரியாது. கடவுச்சொல்லை மறந்துவிட்டு வருபவருக்கு உங்களால் உதவவும் முடியாது.

இம்மிச் சில மாதம் சிக்கலில்லாமல் ஓடிய பிறகு அடுத்ததைச் சேர்க்கலாம். பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ் பத்திரம், ரசீது, மருத்துவ அறிக்கைகளை ஸ்கேன் செய்து தேட உதவும். அது பயன்படுத்தும் டெசராக்ட் என்ற எழுத்தறியும் மென்பொருள் தமிழ் அச்சையும் படிக்கும், தமிழ் மொழிக் கோப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பழைய, மங்கிய அச்சில் பிழைகள் வரும். கடவுச்சொற்களுக்கு வால்ட்வார்டன், எச்டிடிபிஎஸ் இல்லாமல் அதன் இணையப் பக்கம் வேலை செய்யாது. டெய்ல்ஸ்கேல் மூலமே அதற்கான சான்றிதழ் பெறலாம், ஆனால் சான்றிதழில் உள்ள பெயர்கள் பொதுப் பதிவேடுகளில் வெளியாகும் என்பதால் சர்வருக்கு உங்கள் பெயரையோ ஊரையோ வைக்காதீர்கள்.

மின்னஞ்சல் சர்வரை மட்டும் வீட்டில் வைக்க முயல வேண்டாம். வெளியே போகும் 25-ஆம் போர்ட்டைப் பல இணைய நிறுவனங்கள் அடைத்திருக்கும். திறந்திருந்தாலும் வீட்டு இணைப்புகளின் ஐபி முகவரிகள் ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடுப்புப் பட்டியல்களில் மொத்தமாகவே இருப்பதால், ஜிமெயில் உங்கள் கடிதத்தை ஸ்பாமில் தள்ளும் அல்லது வாங்கவே மறுக்கும். சொந்த டொமைன் பெயர் ஒன்றை வாங்கி, அதன் அஞ்சலைக் கட்டணச் சேவை ஒன்றில் வைத்துக்கொண்டால் போதும். நாளை அந்த நிறுவனம் பிடிக்காமல் போனால் முகவரியை மாற்றாமலே வேறிடத்துக்குப் போகலாம்.